அடுப்புக்கும் மூச்சு வேண்டும்

உங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது?

நாலு பெண்கள் கூடியிருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியைச் சும்மா போட்டுப் பாருங்கள். “எங்கள் வீட்டில் இரண்டு மாசம் வரும்” என்பாள் ஒருத்தி, பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவள் மாதிரி. “முப்பது நாள்தான்...” என்று சொல்கிறவளின் குரல் தானாகவே இறங்கிவிடும். ஏதோ குற்றம் செய்துவிட்டவளைப் போல! அரிசி சீக்கிரம் தீர்ந்தால் விருந்தாளிகள் மேல் பழி போடலாம். வாயு சீக்கிரம் தீர்ந்தால் சமைக்கிறவள் தலையில்தான் பழி.

சில மாதங்களுக்கு முன் மாம்பலத்தில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. உள்ளே நுழையும்போதே காற்று சரியில்லை என்று தெரிந்தது. அக்கா முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுடைய மாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“வாம்மா, நீ படிச்ச பொண்ணு. நீயே நியாயத்தைக் கேளு. ஒண்ணரை மாசம் வந்துக்கிட்டிருந்த சிலிண்டர், இப்போ முப்பத்து நாலே நாளில் காலி. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை! அடுப்பை எரிய விட்டுட்டு இவ டெலிபோனில் பேசினா வேறே என்ன ஆகும்?”

அக்கா பதில் சொல்லவில்லை. தேய்க்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாயிற்று.

மாமியார் மருமகள் வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் பைத்தியக்காரியா? “ஒரு காபி குடிக்கலாமே” என்று நழுவிச் சமையலறைக்குள் போனேன். அங்கேதான் சாட்சி கிடைத்தது. அக்கா தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தின் அடி கன்னங்கரேல் என்று இருந்ததைப் பார்த்தேன் அல்லவா? அடுப்பைப் பற்றவைத்ததும் காரணம் புரிந்துவிட்டது. நீலமாக, ‘உஸ்’ஸென்று நிதானமாக எரிய வேண்டிய சுடர், மஞ்சள் நாக்கை நீட்டிப் பாத்திரத்தின் விளிம்பையும் தாண்டி ஆடிக்கொண்டிருந்தது.

“இந்த அடுப்பை யாராவது ரிப்பேர் செய்தார்களா?”

அக்கா வாசற்படியில் வந்து நின்றாள். மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். “அத்தைதான் கூப்பிட்டாங்க” என்றாள்.

கதை இதுதான். மூன்று மாதம் முன்பு தீ சின்னதாகிவிட்டது. தெருவோடு போன ஒரு ரிப்பேர்காரரை மாமியாரே கூப்பிட்டு அடுப்பைக் காட்டியிருக்கிறார். அந்த ஆசாமி அடுப்பைக் கவிழ்த்து, உள்ளே இருந்த பித்தளைத் துண்டு ஒன்றைக் கழற்றி, மெல்லிய கம்பியால் குடைந்து, திரும்ப மாட்டிவிட்டு, “இப்போ பாருங்கம்மா தீயை!” என்றாராம். தீ பிரமாதமாக எழும்பியது. மாமியாருக்குப் பரம திருப்தி. கூலி வாங்கிக்கொண்டு ஆசாமி போய்விட்டார். அன்று முதல் பிடித்த சனி!

அந்தப் பித்தளைத் துண்டுக்கு ஜெட் என்று பெயர். மாமியாருக்கு அதை எப்படி விளக்குவது என்று யோசித்தேன். திடீரென்று ஊதாங்குழல் ஞாபகம் வந்தது.

“அத்தை, நீங்கள் விறகு அடுப்பில் சமைத்திருக்கிறீர்கள் இல்லையா? புகை கிளம்பினால் என்ன செய்வீர்கள்? இன்னும் விறகைத் திணிப்பீர்களா?”

“விறகைத் திணிச்சா இன்னும் புகையும். ஊதுவேன்.”

“அதேதான். உங்கள் கேஸ் அடுப்பு மூச்சு முட்டித் தவிக்கிறது. அந்த ஆசாமி அதை ஊதவில்லை. விறகைத் திணித்துவிட்டுப் போயிருக்கிறார்.”

சகோதரிகளே, இனி நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். தீ என்றால் வாயுதான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் தீயில் பெரும் பங்கு காற்றுக்குத்தான். சமையல் வாயுவில் புரொப்பேன், பியூட்டேன் என்று இரண்டு சரக்குகள் கலந்திருக்கின்றன. ஒரு படி புரொப்பேன் முழுசாக எரிய ஏறக்குறைய 24 படி காற்று வேண்டும். ஒரு படி பியூட்டேனுக்கு 31 படி! இவ்வளவு காற்றையும் மின்விசிறியோ துருத்தியோ இல்லாமல் அடுப்பே இழுத்துக்கொள்ள வேண்டும். எப்படி இழுக்கிறது என்பதில்தான் நல்ல பர்னரின் சூட்சுமம் இருக்கிறது.

இதை முதலில் ஒழுங்காகச் செய்து காட்டியவர் ஜெர்மனியில் ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் ரசாயனப் பேராசிரியராக இருந்த ராபர்ட் புன்சன். 1855-ல் அவருக்குப் புது ஆராய்ச்சிசாலை தயாராயிற்று. ஊரில் தெருவிளக்குக்காக நிலக்கரி வாயு வந்திருந்தது. ஆராய்ச்சிசாலைக்கும் குழாய் போட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தக் காலத்து வாயு விளக்குகள் வெளிச்சம் கொடுத்தன, கரியும் கொடுத்தன. புன்சனுக்கு வேண்டியது வெளிச்சமில்லாத வெப்பம். வாயுவையும் காற்றையும் பற்றவைப்பதற்கு முன்பே கலந்துவிட்டால் என்ன என்று யோசித்தார். சர்வகலாசாலையில் கருவிகள் செய்து கொடுத்துவந்த பீட்டர் தெசாகா என்பவர் அந்த யோசனையை உலோகத்தில் வார்த்துக் கொடுத்தார். ஒரு சிறு துளை வழியாக வாயு பீறிட்டு மேலே ஒரு குழாய்க்குள் பாய்கிறது. குழாயின் அடியில் பக்கவாட்டில் ஓட்டைகள். பாய்கிற வாயு அந்த ஓட்டைகள் வழியே காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. குழாய்க்குள் இரண்டும் கலந்து, வாயில் வந்து நீலமாக எரிகின்றன. அவ்வளவுதான்! வேகமாகப் போகிற ரயில் தண்டவாளத்தோரத்துச் சருகுகளை இழுத்துக்கொண்டு போவதில்லையா, அப்படி. புன்சன் இதற்குக் காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நம் வீட்டு அடுப்பு வரைக்கும் அந்த யோசனை வந்து சேர்ந்ததற்கு அந்தத் தாராள மனசும் ஒரு காரணமாக இருக்கலாம்.

உங்கள் அடுப்பிலும் இதே ஏற்பாடுதான்; குழாய் மட்டும் படுத்திருக்கிறது. ரெகுலேட்டரைத் தாண்டி வரும் வாயுவுக்கு இருக்கும் அழுத்தம் எவ்வளவு தெரியுமா? ஓர் அடி உயரத் தண்ணீரைத் தாங்குகிற அளவுதான். அந்தச் சொற்ப பலத்தை வைத்துக்கொண்டு காற்றை இழுக்க வேண்டுமென்றால், ஜெட்டின் துளை சிறியதாக இருந்தால்தான் முடியும். எரிவதற்கு வேண்டிய காற்றில் ஏறக்குறைய பாதியை இப்படிக் குழாய்க்குள்ளேயே இழுத்துக்கொள்கிறது. மீதியைச் சுடரைச் சுற்றியுள்ள இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

அந்தத் துளையைக் குடைந்தால் என்ன நடக்கும்? குறுக்களவு ஏழு பங்கு இருந்ததை எட்டாக ஆக்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். ஆனால் துளையின் பரப்பு நூற்றுக்கு முப்பது கூடிவிடுகிறது. வாயுவும் அவ்வளவு கூடுதலாக வருகிறது. காற்றோ அதே விகிதத்தில் கூடுவதில்லை; பாதியளவுதான் கூடும். ஆக, செலவு அதிகம், மூச்சு குறைவு. எரியாத கரி பாத்திரத்தின் அடியில் படிகிறது. அது கரி அல்ல, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாயு! அதைத்தான் என் அக்கா தினமும் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இத்துடன் போனாலும் பரவாயில்லை. மூச்சு முட்டி எரிகிற தீயிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற விஷக்காற்றும் வரும். அதற்கு வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம் என்று படுத்தும். ஜன்னல்கள் எல்லாம் அடைத்துக் கிடந்தால் உயிருக்கே ஆபத்து.

பர்னர் தலையில் ஏன் ஒரே பெரிய துவாரம் இல்லாமல் இத்தனை பொடித் துவாரங்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? கலந்த வாயுவில் தீ, விநாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். துவாரம் பெரிதாக இருந்து, வாயுவும் மெதுவாக வந்தால் தீ உள்ளே ஓடி, குழாய்க்குள் ‘டப்’பென்று வெடித்து, ஜெட்டின் வாயிலேயே எரிய ஆரம்பித்துவிடும். சின்னத் துவாரத்தில் நுழையப் பார்த்தால் சுற்றியுள்ள உலோகம் சூட்டை உறிஞ்சித் தீயைக் கொன்றுவிடுகிறது. ஹம்ப்ரி டேவி 1815-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்காக விளக்கைச் சுற்றிக் கம்பி வலை போட்டாரே, அதே தந்திரம்தான். வலைக்குள் விளக்கு எரியும். தீ வெளியே வராது.

ஒரு சின்ன எச்சரிக்கை. மஞ்சளைக் கண்டதும் பதறிவிடாதீர்கள். ரசம் பொங்கி வழிந்தால் தீ ஆரஞ்சு மஞ்சளாக மின்னும். அது உப்பின் வேலை. புன்சனும் அவருடைய நண்பர் கிர்க்காஃபும் சுடரில் வரும் இப்படிப்பட்ட வர்ணங்களை ஆராய்ந்துதான் 1860-ல் சீஸியம் என்ற புது உலோகத்தையே கண்டுபிடித்தார்கள்! உப்பு மஞ்சள் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். மறையாமல் நின்று பாத்திரத்தைக் கரியாக்கும் மஞ்சள்தான் மோசம்.

அக்கா வீட்டுக்கு வருவோம். மறுநாள் முறையான சர்வீஸ்காரர் ஒருவரை வரவழைத்தோம். அவர் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்தில் இருந்தது. பிறகு கலவைக் குழாய்க்குள் சிறு பிரஷ்ஷை விட்டு இழுத்தார். ஒட்டடையும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்குமாக ஓர் உருண்டை வந்தது! பர்னர் தலையில் பாதித் துவாரங்கள் பால் பொங்கி அடைத்துக் கிடந்தன. முதலில் தீ சின்னதானது இதனால்தான். வியாதி காற்றுக்கு, அந்த ஆசாமி வைத்தியம் பார்த்ததோ வாயுவுக்கு.

புது ஜெட் மாட்டினார்கள். அதை யாரும் ஊசியால்கூடத் தொடக்கூடாது. பர்னர் தலையை நீங்களே கழற்றி, வெந்நீரும் சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்து மாட்டலாம். அதற்கு உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தவர்கள் வேலை. ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

அக்காவின் பங்கிலும் தவறு இல்லாமல் இல்லை. சொல்லிவிடுகிறேன், அவள் கோபித்துக்கொள்ளட்டும். குழம்பு கொதித்த பிறகும் அடுப்பை முழுசாகவே எரிய விடுகிறாள். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நம் நாட்டுத் தர விதிப்படி, அடுப்பில் எரியும் வெப்பத்தில் நூற்றுக்கு 68 பங்காவது பாத்திரத்துக்குள் போக வேண்டும். (மீதி நம்மை வேகவைக்கிறது!) அப்படிப்பட்ட அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஒன்பதரை கிராம் வாயு போதும். நூற்றுக்கு 50 பங்கு மட்டும் போகிற அடுப்பென்றால் 13 கிராம் ஆகும். ஆனால் அந்த ஒரு லிட்டரையும் கொதித்து ஆவியாகிப் போக விட்டால்? நல்ல அடுப்பிலேயே இன்னும் 70 கிராமுக்கு மேல்! கொதிக்க ஆரம்பித்துவிட்ட குழம்பு, எவ்வளவு தீ வைத்தாலும் ஏறத்தாழ 100 டிகிரியிலேயே நிற்கும். சீக்கிரம் வேகாது, சீக்கிரம் வற்றும். குக்கரில் மட்டும் 120 டிகிரி வரை ஏறுகிறது. அதனால்தான் அதில் பருப்பு சட்டென்று வேகிறது. ஆகவே கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போடுவதில் இருக்கிற மிச்சம், எவ்வளவு உயர்ந்த பர்னர் வாங்கினாலும் வராது.

தீ பாத்திரத்தின் அடியைவிட அகலமாக இருந்தால் வெளியே வழிவதெல்லாம் வீண். கால் உடைந்த தாங்கிக்குப் பதிலாக வேறு ஏதோ ஒரு தாங்கியை வைத்துக்கொள்வதும் தப்பு. பாத்திரம் தாழ்ந்து சுடரின் உள் நீலக் கூம்பில் இடித்தால் தீ குளிர்ந்து அரைகுறையாக எரியும். ரொம்ப உயர்ந்துவிட்டால் சூடு பக்கவாட்டில் போய்விடும். அந்த உயரத்தையும் யோசித்துத்தான் அடுப்பைச் செய்திருக்கிறார்கள்.

அடுத்த சிலிண்டர் அக்கா வீட்டில் நாற்பத்து நாலு நாள் வந்தது. அவள் டெலிபோனில் பேசுவதைக் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. என்னிடமே முக்கால் மணி நேரம் பேசினாள்.

மாமியார் இப்போது தினமும் காலையில் அடுப்பின் முன் குனிந்து சுடரின் நிறத்தைப் பார்க்கிறாராம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் ஊதாங்குழல் கதையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். மருமகளிடம் வருத்தம் தெரிவித்தாரா என்று கேட்கிறீர்களா? நம் வீடுகளில் அதெல்லாம் வழக்கமா, என்ன! ஆனால் புது ஜெட் மாட்டிய அன்று சாயங்காலம், கரி பிடித்துக் கிடந்த கடைசிப் பாத்திரத்தை அவரே குழாயடிக்கு எடுத்துப் போய், புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருந்தாராம்.