பொருளாதாரம் எங்களுக்கு விளங்காதாம்!

"அதெல்லாம் பெரிய விசயம் தம்பி, உங்களுக்கு விளங்காது."

2022 இற்குப் பிறகு பொருளாதாரத்தைப் பற்றி வாய் திறந்தாலே எங்களுக்குக் கிடைக்கிற பதில் இதுதான். யாருக்கு விளங்காது? புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு காலை நின்று பாருங்கள். டொலர் ஏறினால் பருப்பு மூட்டைக்கு என்ன நடக்கும் என்று அதைத் தூக்குகிற நாட்டாமி அண்ணனுக்கு நல்லாவே விளங்கும். அவரிடம்தான் ஒருத்தரும் கேட்பதில்லை.

நாங்கள் உயர்தரத்தில் பொருளியல் படித்தவர்கள். கேள்வி வளையி, நிரம்பல் வளையி எல்லாம் கீறினோம். ஆனால் 2022 ஏப்ரல் 12 அன்று நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது, அந்தக் கடனை யார் வாங்கினது, யார் கட்டப்போவது என்று எங்கள் கொப்பிகளில் ஒரு வரியும் இருக்கவில்லை.

பதில் பிறகு தானாக வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு 17ஆவது உடன்பாடு. அதே வருடம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு. அதில் வங்கிகளிடமிருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியத்தில் கை வைத்தார்கள். சேமலாப நிதியே இல்லாத நாட்டாமிக்கு 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமாக வந்து சேர்ந்தது. இது "நிபுணர்கள்" எடுத்த முடிவாம்.

அதனால் சொல்கிறோம்: எங்களுக்குச் சொந்தமாக ஒரு சின்னப் பல்கலைக்கழகம் வேணும். கனவு என்று சிரிக்க வேண்டாம். 2022 இல், புறக்கோட்டையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், காலிமுகத்திடல் 'கோட்டா கோ கம'வில் கூடாரத்துக்குள் நூலகமும் மக்கள் பல்கலைக்கழகமும் இயங்கின. ஜூலை 22 அதிகாலை இராணுவமும் பொலிஸும் கூடாரங்களைப் பிய்த்தன. பழியை அவர்கள்மேல் மட்டும் போட்டுவிட்டு நாங்கள் தப்பவும் முடியாது. போனோம், படம் எடுத்துப் போட்டோம், வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த வகுப்பை வேறொரு இடத்தில் தொடரலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"1945 இலிருந்து இலவசக் கல்வி இருக்கே, பிறகென்ன?" என்று கேட்பீர்கள். அதை யாரும் தொட விடமாட்டோம். நாங்கள் கேட்பது இன்னொரு பட்டக் கடையும் இல்லை. கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை. ஒரு கடையின் மேல்மாடி, ஞாயிறு பின்னேரம், தமிழும் சிங்களமும். தோட்டங்களும் வணிக மூலதனமும் இந்த நாட்டை எப்படி வளரவிடாமல் வைத்தன என்று எஸ்.பி.டி. டி சில்வா 1982 இலேயே ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். அதை எங்கள் பாஷையில் அத்தியாயம் அத்தியாயமாகப் பேசித் தொடங்கலாம். ஆனால் முதல் விரிவுரை நாட்டாமி அண்ணனுடையது. பொருளியல் படித்த நாங்கள் கீழே இருந்து குறிப்பெடுப்போம்.

மேல்மாடி வைத்திருப்பவர்கள் யாராவது இதை வாசிக்கிறீர்களா?