வாயில்லாச் சீவனுக்கு ஒரு தின்பண்டம்

சென்ற தைப்பொங்கலன்று எம் இளைய மகன், தனக்குப் பரிமாறிய பொங்கலில் ஒரு பிடியை வீட்டு நாய்க்கும் ஊட்டினான். அன்பிற் குறையில்லை, அறிவிலேதான் குறை. அன்றிரவு அது பலமுறை வாந்தியெடுத்தது. பொங்கலிற் கலந்த முந்திரிகை வற்றல் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது என்பதைக் கால்நடை வைத்தியர் கூறிய பின்னரே அறிந்தோம். வெங்காயமும் உள்ளியும் அதன் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். சொக்கிளேற்றும் அதற்கு நஞ்சே.

ஆயின், நாம் அளிக்கத்தக்கது யாது? தை, மாசியிற் சந்தைக்கு வரும் சர்க்கரைப் பூசணியே போதும். அவித்து மசித்த பூசணி ஒரு கோப்பை. அரிசிமா இரண்டு கோப்பை. உப்பும் சீனியும் வேண்டா. அளவாக நீர் தெளித்துப் பிசைந்து, மெல்லிய வில்லைகளாக வெட்டி, போறணையில் 180 பாகை செல்சியசில் ஏறக்குறைய 30 நிமிடம் வேகவிடுக. நன்கு ஆறியபின் மூடிய பேணியிலிட்டுக் குளிரூட்டியில் வைத்து, சில நாட்களுக்குள் கொடுத்து முடிக்க வேண்டும்.

இஃது உணவன்று, தின்பண்டமே. ஒரு நாளைய உணவுச் சக்தியில் பத்திலொரு பங்கை விஞ்சலாகாது.

எங்கள் நாய் பிழைத்துக்கொண்டது. இப்பொழுது வில்லை வெட்டுபவன் மகனே.