நவம்பர் 1: குமரிக்கு மட்டுமா?

1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தது, ஆந்திரப் பிரதேசம் உருவானது, கன்னடம் பேசும் பகுதிகள் மைசூர் மாநிலத்தில் ஒன்றுசேர்ந்தன. அதே நாளில்தான் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. இது தற்செயலாக நேர்ந்த ஒற்றுமையல்ல. மாநில மறுசீரமைப்புச் சட்டம் குறித்த நாள் அது. ஆனால் கேரளமும் கர்நாடகமும் அதை மாநிலத் திருநாளாகக் கொண்டாட, தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் குமரியின் உள்ளூர் விடுமுறையாகவே சுருங்கிப்போனது.

தமிழ்நாடு என்ற பெயருக்கான தீர்மானம் 1967 ஜூலை 18இல் நிறைவேறியதால், அந்த நாளே தமிழ்நாடு நாள் என 2021இல் அரசு அறிவித்தது. நவம்பர் 1இல் தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு சேர்ந்து கைவிட்டுப் போயின, இழப்பு நாளைக் கொண்டாடுவானேன் என்ற வாதமும் உண்டு. அந்த வலி நியாயமானது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரிய தெற்கெல்லைப் போராட்டக்காரர்கள் கேட்டவற்றில் அவையும் அடக்கம்தானே? ஆனாலும் பெயர் வேறு, எல்லை வேறு. பெயருக்குச் சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. எல்லைக்காகவோ அந்தப் போராட்டத்தின் தலைவர் நேசமணியின் தலைமையில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுகளுக்குப் பலியானார்கள். ஜூலை 18ஐ மாற்ற வேண்டியதில்லை. நவம்பர் 1 அன்று, கிடைத்ததோடு இழந்ததையும் சேர்த்து, சென்னையிலும் கோவையிலும் படிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லித்தர வேண்டும். அந்தத் தியாகிகளை நினைவுகூரும் பொறுப்பை நாகர்கோவிலிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது.