பழைய தராசு வாங்கலாம். பழைய முத்திரையை நம்பலாகாது

கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் அன்று இரவே நமக்குத் தெரிந்துவிடும். தராசு வழியாகப் போகும் சரக்கு எந்தக் கணக்கிலும் வராது. ஆண்டு முடிவில் இருப்பு எடுக்கும்போது, காய்ந்து போயிற்று, எலி தின்றது என்று எழுதி மூடிவிடுகிறோம். கடைக்கு வேண்டிய சாமான்களில் நாம் மிகக் குறைந்த யோசனையுடன் வாங்குவது தராசுதான் என்பது என் நெடுநாளைய எண்ணம். அதிலும் பழைய எலக்ட்ரானிக் தராசு என்றால், விளக்கு எரிகிறதா, எண் தெரிகிறதா என்று பார்ப்பதோடு பலர் பேரத்தை முடித்துவிடுகிறார்கள்.

பழைய தராசு வாங்குவதில் தவறு எதுவும் இல்லை. புதிதாகக் கடை வைக்கும் இளைஞர்களுக்கு அதுவே கைக்கு ஏற்றது. நல்ல தராசு பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் விலையைப் பார்த்துத் தராசைத் தேர்ந்தெடுப்பது கூடாது. எண் எரிவதாலேயே எடை சரியாகிவிடாது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 50 கிலோ சீனி மூட்டையைப் பிரித்துக் கால் கிலோ பொட்டலம் கட்டினால் 200 பொட்டலம் வரவேண்டும். தராசு 5 கிராம் குறைத்துக் காட்டினால் ஒவ்வொரு பொட்டலத்திலும் 5 கிராம் கூடப் போகும்; 196 பொட்டலம்தான் தேறும். நான்கு பொட்டலம் என்பது ஒரு கிலோ, அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு. சீனியிலும் அரிசியிலும் நமக்கு என்ன நிற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். தராசு கூட்டிக் காட்டினாலோ நஷ்டம் வாடிக்கையாளருக்கு. அதற்கு நாம் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டும். குறைத்துக் காட்டினால் முதல் போகும். கூட்டிக் காட்டினால் பெயர் போகும்.

வாங்கும் முன் முதலில் பார்க்க வேண்டியது மெஷினில் ஒட்டியுள்ள விவரத் தகடு. தயாரித்த கம்பெனியின் பெயர், மாடல் அனுமதி எண், வரிசை எண், துல்லிய வகுப்பு, அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை, 'இ' என்ற எழுத்தோடு ஒரு கிராம் அளவு ஆகியவை அதில் இருக்கும். தகடு இல்லாத மெஷினை இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாடல் அனுமதி இல்லாத தராசுக்கு முத்திரை கிடைக்காது.

நம் கடைகளில் அதிகம் காணப்படுவது 30 கிலோ வரை எடை போடும், 5 கிராம் பிரிவுள்ள மூன்றாம் வகுப்பு மெஷின். இதன் குறைந்தபட்ச எடை 100 கிராம். பலர் கவனிக்காத விஷயம் இது. அதற்குக் கீழே எடை போட அந்த மெஷின் ஏற்பட்டதல்ல. ஆனால் அதே மெஷினில்தான் 50 கிராம் ஏலக்காயும் 25 கிராம் கிராம்பும் நிறுத்துக் கொடுக்கிறோம். ஏலக்காய் விற்கும் விலையில் ஐந்து கிராம் என்பது விளையாட்டல்ல. வாசனைச் சரக்குக்கு 1 கிராம் பிரிவுள்ள சிறிய மெஷின் தனியாக வேண்டும். அதில் 20 கிராமிலிருந்து எடை போடலாம். ஆகவே, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று கேட்கும் முன், எதை நிறுக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்தது, மெஷின் எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று விசாரிக்க வேண்டும். உப்பு, கருவாடு, மீன் விற்ற இடத்து மெஷினின் உள்பாகம் அரித்திருக்கும். வெல்ல மண்டியில் இருந்ததென்றால் எறும்பும் கரப்பானும் உள்ளே குடியிருக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்து, 30 கிலோ மெஷினில் 50 கிலோ மூட்டையைத் தொப்பென்று போட்ட கடை. தட்டின் அடியில் 'லோடு செல்' என்னும் உலோகக் கட்டை இருக்கிறது. எடை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து, இறக்கியதும் பழைய நிலைக்கு வரும். அந்த வளைவைத்தான் மெஷின் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. தாங்க முடியாத பாரம் விழுந்தால் கட்டை நிரந்தரமாக வளைந்துவிடும். வெளியே கீறல்கூட இராது.

இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. முத்திரை உள்ள படிக்கற்களைக் கையோடு எடுத்துப் போங்கள். மெஷினை ஆடாத மேசையில், மின்விசிறிக் காற்று படாத இடத்தில் வையுங்கள். நீர்மட்டக் குமிழி வட்டத்தின் நடுவில் நிற்கட்டும். மின்சாரத்தைத் துண்டித்து பேட்டரியில் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வெறும் தட்டில் பூஜ்யம் தானாக நகர்ந்தால் அந்த மெஷின் வேண்டாம்.

பிறகு 100 கிராம், 1 கிலோ, 5 கிலோ, 10 கிலோ, 20 கிலோ என்று ஏற்றிப் பாருங்கள். அதே வரிசையில் இறக்கியும் பாருங்கள். ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றும் காட்டக்கூடாது. 10 கிலோ கல்லைத் தட்டின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வையுங்கள். மூலைக்கு மூலை எடை மாறினால் கோளாறு லோடு செல்லில் அல்லது தட்டைத் தாங்கும் சட்டத்தில். ஒரே கல்லைப் பத்து முறை எடுத்து வைத்துப் பாருங்கள். கடைசியில் எல்லாவற்றையும் இறக்கினால் எண் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும்.

எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்கலாம் என்று கேட்பீர்கள். 5 கிராம் பிரிவுள்ள மெஷினுக்கு முத்திரையிடும்போது விதி அனுமதிப்பது இரண்டரை கிலோ வரை இரண்டரை கிராம், பத்து கிலோ வரை 5 கிராம், அதற்கு மேல் 30 கிலோ வரை ஏழரை கிராம். இதற்கு மேல் போனால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளியூர் மெஷினில் இன்னொரு சங்கதி உண்டு. பூமியின் ஈர்ப்பு எல்லா ஊரிலும் ஒன்றல்ல. டில்லியில் சரிபார்த்த எலக்ட்ரானிக் தராசைச் சென்னையில் அப்படியே வைத்தால் 10 கிலோவுக்குச் சுமார் 8, 9 கிராம் குறைத்துக் காட்டும். கோவையிலிருந்து உதகைக்குப் போனாலே 4, 5 கிராம் குறையும். படிக்கல் போட்டு நிறுக்கும் தட்டுத் தராசில் இந்தத் தொல்லை இல்லை. கல்லும் சரக்கும் ஒன்றுபோலவே மாறும். ஆகவே எலக்ட்ரானிக் தராசை எங்கே பயன்படுத்துகிறோமோ அங்கே சரிசெய்து முத்திரை வாங்க வேண்டும். விற்பவர் காட்டும் பழைய சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடைவது தவறு என்பதற்கு இது ஒன்றே போதும்.

சட்டத்தையும் மனதில் கொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையும், படிக்கல், தட்டுத் தராசு ஆகியவற்றுக்கு 24 மாதத்துக்கு ஒரு முறையும் மறுமுத்திரை வேண்டும். முத்திரையில் ஆண்டும் காலாண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். கெடுவைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். பழுது பார்த்தால், கெடு மீதி இருந்தாலும் மறுபடி முத்திரை வாங்கிய பிறகே எடை போடலாம். சான்றிதழைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும்.

எடைக் கருவிகளை விற்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் உரிமம் கட்டாயம். மூடிய கடையில் நேரடியாகப் பேசி முடித்தாலும், உரிமம் உள்ளவர் மூலம் சரிபார்த்து, வரிசை எண் குறித்த ரசீதோடு வாங்குங்கள். சான்றிதழில் உள்ள வரிசை எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். ஈய முத்திரை அறுந்திருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார் என்று பொருள். எடையைக் கூட்டிக் காட்ட முன்னவர் செய்து வைத்த வேலைக்கு, ஆய்வாளர் வரும்போது அகப்படுகிறவர் இன்றைய உரிமையாளர்தான். "நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்ற சமாதானம் எடுபடாது.

ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கத்தானே பழசு வாங்குகிறோம், இத்தனை சோதனையா என்று சிலர் கேட்கலாம். மிளகாய் வாங்கும்போது மூட்டைக்குள் கைவிட்டு அடிச்சரக்கை எடுத்துப் பார்க்கிறோம். பருப்பை உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கிறோம். ஒரு வாரத்தில் விற்றுப்போகும் சரக்குக்கு அவ்வளவு சோதனை என்றால், அத்தனை சரக்கையும் அளந்து கொடுக்கப் போகும் தராசுக்கு ஒரு மணி நேரம் செலவிடுவது அதிகமா?

இதில் சங்கத்துக்கும் வேலை உண்டு. 1 கிராம் முதல் 20 கிலோ வரை முத்திரையிட்ட படிக்கல் தொகுதி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைத்து, தராசு வாங்கப் போகும் உறுப்பினருக்கு ஒரு நாள் இரவல் தரலாம். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர்களின் பட்டியலை இவ்விதழில் ஆண்டுக்கு ஒரு முறை வெளியிடலாம். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரைக் கேட்டுக்கொண்டு கடைவீதியிலேயே முத்திரை முகாம் நடத்தலாம். மூன்றுக்கும் பெரிய செலவு ஆகாது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை பழைய தராசு வாங்க நினைக்கும் அன்பர்கள், பணப்பையோடு படிக்கல்லையும் எடுத்துச் செல்ல மறக்க வேண்டாம்.