ரெய்னி ஆஸ்பத்திரியில் ஒரு வம்சாவளி

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'நான் ஆர்.எஸ்.ஆர்.எம்-ல பொறந்தேன்' என்பார்கள். இல்லாவிட்டால் 'ரெய்னி ஆஸ்பத்திரில பொறந்தேன்' என்பார்கள். சரி, அந்த ரெய்னி யாருங்க என்று அடுத்த கேள்வியைப் போட்டால், பெரும்பாலும் பதில் வராது. மழைக்காலத்தில் திறந்த ஆஸ்பத்திரி என்பதால் அந்தப் பெயர் என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தன் தாத்தாவுக்கு அப்பா பெயரே தெரியாத ஊரில், ஆஸ்பத்திரிக்கு அப்பா பெயர் தெரியவில்லை என்று யாரைக் குற்றம் சொல்வது?

மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிறிஸ்டினா ரெய்னி என்பவர் ஒரு ஸ்காட்லாந்துப் பெண்மணி. அங்கே சுதந்திர சபை என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவு 1843-ல் தனியாகப் பிரிந்து வந்தது. அதன் பெண்கள் மிஷன் வேலைகளில் முன்னால் நின்றவர். அந்த மிஷன் அனுப்பித்தான் 1888-ல் மதராசுக்கு வந்தார் டாக்டர் மெடில்டா மெக்ஃபெயில். ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பிறந்தவர். ஆண் டாக்டரிடம் காட்டுவதைவிடச் செத்துப்போவதே மேல் என்று பெண்கள் இருந்த காலம். அந்தப் பெண்களுக்காக ஒரு சின்ன மருந்தகமாகத் தொடங்கி, அதைப் பெரிய ஆஸ்பத்திரியாக வளர்த்தார். நாற்பது வருஷம் உழைத்தார். அந்த அம்மாவைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்ல எனக்கு மனசு வராது. சொல்லப் போவதுமில்லை.

நான் சொல்ல வந்தது பெயர் கொடுத்த குடும்பத்தைப் பற்றி.

ஸ்காட்லாந்துக்காரர்களுக்குக் குடும்ப மரம் வரைவது ஒரு பொழுதுபோக்கு. அது சுலபமும்கூட. 1855-லிருந்து அங்கே பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் கட்டாயப் பதிவு. அதற்கு முந்தைய காலத்துக்கு சர்ச் பதிவேடுகள் இருக்கின்றன. எல்லாம் இன்று கம்ப்யூட்டரில் கிடைக்கிறது. கிறிஸ்டினாவின் அண்ணன், தம்பி, அப்பா, தாத்தா என்று ஒரு மத்தியானத்தில் ஏறிப் போய்விடலாம். நாமும் ஏறித்தான் பார்ப்போமே.

கிறிஸ்டினாவின் சகோதரர் ராபர்ட் ரெய்னி, சுதந்திர சபையின் பெரிய தலைவர். அப்பா ஹாரி ரெய்னி, கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். தாத்தா ஜார்ஜ் ரெய்னி, வட ஸ்காட்லாந்தில் கிரீச் என்ற ஊரின் பாதிரியார். படிப்பு, பக்தி, மருத்துவம். மாலை போட்டுக் கும்பிடலாம் போன்ற குடும்பம், இல்லையா?

இப்போது பக்கத்துக் கிளையைப் பாருங்கள். அப்பா ஹாரியோடு கூடப்பிறந்த ஒருவர் உண்டு. தாத்தாவின் பெயரேதான் அவருக்கும், ஜார்ஜ் ரெய்னி. அவர் பாதிரியாராகவில்லை, டாக்டராகவில்லை. கப்பலேறி தென்னமெரிக்காவில் இருக்கும் டெமராராவுக்குப் போனார். இன்று கயானா என்கிற நாட்டின் ஒரு பகுதி அது. சூப்பர் மார்க்கெட்டில் ஹெல்த்துக்கு நல்லது என்று பழுப்பாக 'டெமராரா சர்க்கரை' வாங்குகிறீர்களே, அந்தப் பெயருக்குச் சொந்தமான இடம். கரும்புத் தோட்டங்கள். வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். ஜார்ஜ் அங்கே சாண்ட்பேக் டின்னே என்ற பெரிய வியாபாரக் கூட்டத்தில் பங்குதாரர்.

1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. யாருக்கு நஷ்டஈடு? அடிமைகளுக்கு என்று நினைத்தீர்களானால் நீங்கள் ரொம்ப நல்லவர். 'சொத்து' கைவிட்டுப் போன முதலாளிகளுக்கு! அதற்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் அரசு அடைத்து முடித்தது 2015-ல். பணம் கேட்டு மனுப் போட்டவர்களின் பட்டியல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் இணையதளத்தில் பெயர் வாரியாக இருக்கிறது. ஜார்ஜ் ரெய்னியின் பெயரும் இருக்கிறது. (அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு, கிழக்கிந்தியக் கம்பெனியின் நிலப்பகுதிக்கு இது பொருந்தாது என்று சொன்னது. நம்மூர் அடிமைகளுக்குச் சட்டம் வர 1843 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.)

பணத்தோடு ஊர் திரும்பிய ஜார்ஜ் என்ன செய்தார்? 1840-களில் ராஸே என்ற ஒரு தீவையே விலைக்கு வாங்கினார். அந்தத் தீவில் தலைமுறை தலைமுறையாகக் குடியானவர்கள் இருந்தார்கள். வெள்ளைக்காரர்கள்தான். கேலிக் மொழி பேசும் ஏழைகள். முதலாளிக்கு மனுஷனைவிட ஆடு லாபம். கம்பளிக்கு நல்ல விலை. ஆகவே ஆட்டைக் கொண்டுவந்து, ஆளை வெளியேற்றினார். சுமார் பன்னிரண்டு கிராமங்களும் ஏறக்குறைய நூறு குடும்பங்களும் காலி. பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். மிச்சமிருந்தவர்களைத் தீவின் பாறை நிறைந்த வடக்கு முனைக்குத் தள்ளி, அவர்கள் தெற்கே வராமலிருக்கத் தீவின் குறுக்கே ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார். அதற்கு இன்றைக்கும் ரெய்னியின் சுவர் என்றே பெயர். அதோடு விடவில்லை. ஜனத்தொகை பெருகக் கூடாது என்று தீவில் கல்யாணத்துக்கே தடை போட்டார். 1883-ல் விசாரணைக் கமிஷன் வந்தபோது ராஸேயின் கிழவர்கள் சொன்ன சாட்சியங்கள் அச்சில் இருக்கின்றன. படித்தால் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் விரட்டப்பட்ட நம்மூர் ஜனங்கள் ஞாபகத்துக்கு வருவார்கள்.

அந்த ராஸே எங்கே இருக்கிறது தெரியுமா? டாக்டர் மெக்ஃபெயில் அம்மா பிறந்த ஸ்கை தீவுக்குப் பக்கத்தில். கரையில் நின்றால் தெரியும் தூரம்.

இப்போது ஒருவர் கையை உயர்த்துகிறார். 'என்ன சார், ஜார்ஜோட அடிமைப் பணத்துலதான் ராயபுரம் ஆஸ்பத்திரி கட்டினாங்கன்னு சொல்றீங்களா?' சொல்லவில்லை. அந்தக் காசு இந்தச் செங்கல்லாக ஆனது என்று நிரூபிக்க நான் வக்கீலும் இல்லை. கேள்வி வேறு. ஒரு குடும்பத்தில் ஒருவர் ஆளை விரட்டிச் சம்பாதிக்கிறார், இன்னொருவர் தர்மகாரியத்துக்குப் பெயராகிறார். கல்வெட்டில் யார் பெயர் ஏறுகிறது, யார் பெயர் காணாமல் போகிறது? அதே சுதந்திர சபைக்கு அமெரிக்க அடிமை முதலாளிகளிடமிருந்து நன்கொடை வந்தது. அடிமையாக இருந்து தப்பிவந்த கறுப்பினத் தலைவர் ஃப்ரெடெரிக் டக்ளஸ் 1846-ல் ஸ்காட்லாந்து ஊர் ஊராகப் போய், அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பு என்று முழங்கினார். சபை அனுப்பவில்லை. எதிர்ப்பே இல்லாத காலம் அது என்று யாரும் சப்பைக்கட்டு கட்ட முடியாது.

சரி, இந்தக் கதையில் நாம் எங்கே வருகிறோம்? இங்கேதான் வருகிறோம்.

அடிமைகள் விடுதலையானதும் டெமராராவின் கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. ஜான் கிளாட்ஸ்டன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், பின்னாளில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரானவரின் அப்பா, கல்கத்தாவில் உள்ள கம்பெனிக்குக் கடிதம் எழுதி ஆள் கேட்டார். 1838-ல் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. 1845 முதல் மதராசிலிருந்தும் அனுப்பினார்கள். 1917 வரை கயானாவுக்குப் போன இந்தியக் கூலிகள் சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம். ஜார்ஜ் பங்குதாரராக இருந்த அதே சாண்ட்பேக் டின்னே, கூலிகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகும் தொழிலிலும் இருந்தது.

அன்றைக்கு இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். அலையைத் தாண்டி மசூலா படகில்தான் போய் ஏற வேண்டும். படகோட்டிகளின் ஊர் எது? ராயபுரம். இராயப்பர் என்கிற பேதுருவுக்கு 1829-ல் தங்கள் சொந்த உழைப்பில் கோயில் கட்டியவர்கள் இந்தப் படகோட்டிகள். ஊருக்குப் பெயரே அவரிடமிருந்து வந்ததுதான் என்பார்கள். கிராமத்திலிருந்து கூட்டி வந்த ஒரு முனுசாமியையும் வீராசாமியையும் கடைசியாகக் கண்ட தமிழ் முகம் இந்தப் படகுக்காரனுடையதாக இருந்திருக்கலாம்.

அந்த முனுசாமியின் பேரன்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சரக்கு என்பதால் கணக்கு எழுதினார்கள். பெயர், வயசு, அப்பா பெயர், சாதி, கிராமம் எல்லாம் கப்பல் பதிவேட்டில் உண்டு. கயானாவில் 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் பெயர் மோசஸ் நாகமுத்து. நம்மூர் நாகமுத்துதான். அங்கே மாரியம்மனுக்குத் தப்பு அடித்துக் கும்பிடுகிறவர்கள், எங்க பாட்டன் எந்த ஊர் என்று பதிவேட்டைப் புரட்டித் தேடுகிறார்கள். சில பேர் கண்டுபிடித்து வந்து நம் கிராமங்களில் நிற்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்கிறோம்.

கோபப்படாதீர்கள், அதையும் பேசித்தான் ஆகணும். வெள்ளைக்காரன் கப்பலைக் கொண்டுவந்தான். ஆளைக் கப்பல் வரைக்கும் விரட்டியது யார்? பண்ணையார் விரட்டினார். பஞ்சம் விரட்டியது. கமிஷனுக்கு ஆள் பிடித்த நம்மூர் தரகர் கூட்டிக்கொண்டு போனார். ஜார்ஜ் ரெய்னியைத் திட்டும்போது வரும் உற்சாகம், நம் வீட்டுப் பத்தாயத்தைத் திறக்கும்போது ஏனோ வருவதில்லை. ஏழு தலைமுறைக் குலப்பெருமையை கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் அச்சடித்துக் கல்யாணத்தில் விநியோகிக்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் 'இன்னின்ன பண்ணையாட்கள் இன்ன கடனுக்காக நம்மிடம் அடமானம் இருந்தார்கள்' என்று ஒரு வரியைக் கண்டதில்லை.

ராயபுரத்தில் தங்கியவர்களின் நிலைமை இன்னும் மோசம். கப்பலில் போனவன் பெயராவது பதிவேட்டில் இருக்கிறது. கரையில் மூட்டை தூக்கினவன் பெயர்? ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பியும் கேமராவுமாகப் பாரம்பரிய நடை போகிறவர்கள் 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைத் தடவிப் பார்க்கிறார்கள். போகட்டும், நல்ல விஷயம்தான். திறந்து வைத்த கவர்னர் ஹாரிஸ் பிரபுவின் பரம்பரையை வழிகாட்டி ஒப்பிப்பார். தூணைத் தூக்கி நிறுத்தியவனின் பேத்தி அதே தெருவில் மீன் விற்றுக்கொண்டிருப்பாள். அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

இந்த மாதிரி எழுதினால் உடனே ஒரு கூட்டம், 'பேரை மாத்து' என்று கிளம்பும். வேண்டாம். ரெய்னி என்ற பெயரை அழித்துவிட்டு ஏதோ ஒரு கட்சித் தலைவரின் அம்மா பெயரை வைத்தால், ஜார்ஜுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. அவர் செய்தது அத்தனையும் அதோடு மறந்துபோகும். இன்னொரு கூட்டம், 'உயிர் காப்பாத்தினவங்களைப் பத்தி இப்படிப் பேசலாமா, நன்றி கெட்டத்தனம்' என்கும். நன்றி மெக்ஃபெயில் அம்மாவுக்கு. அதை நூறு தடவை சொல்கிறேன். ஆனால் நன்றி என்கிற பெயரில் வாயை மூடிக்கொண்டிருப்பது வேலைக்காரன் முதலாளிக்குக் காட்டும் மரியாதை. நாம் யாருக்கும் வேலைக்காரர்கள் இல்லை.

கிளாட்ஸ்டன் குடும்பத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் அந்த வம்சத்தின் இன்றைய வாரிசுகள் கயானாவுக்கே போய், ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததிக்கும் இந்தியக் கூலிகளின் சந்ததிக்கும் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார்கள். அங்கேயே எதிர்ப்பும் கிளம்பியது, மன்னிப்பு மட்டும் போதுமா என்று. நியாயமான கேள்வி. ஆனாலும் தன் குடும்ப மரத்தின் அழுகின கிளையைச் சபையில் காட்டினார்கள் அல்லவா? ஹாரி ரெய்னி வேலை பார்த்த அதே கிளாஸ்கோ பல்கலைக்கழகமும், அடிமை வியாபாரத்தால் தனக்கு வந்த ஆதாயத்தைக் கணக்குப் பார்த்து 2018-ல் வெளியிட்டது.

எனக்கு இரண்டு விஷயம்தான் வேண்டும். முதல் விஷயத்துக்குச் செலவு சில ஆயிரம் ரூபாய். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பலகை. அதில் ரெய்னியின் குடும்ப மரம். பாதிரியார் தாத்தா, பேராசிரியர் அப்பா, டெமராராவின் ஜார்ஜ், ராஸேயின் சுவர், ஸ்கை தீவிலிருந்து வந்த டாக்டரம்மா. எல்லோரும் இருக்கட்டும், தமிழில்.

இரண்டாவதற்குக் கொஞ்சம் செலவாகும். ராயபுரத்துக்காரன் தன் குடும்ப மரத்தை வரைய வழி செய்ய வேண்டும். பிறப்பு இறப்பைப் பதிவு செய்வது நாடு முழுக்கக் கட்டாயமானதே 1969-ம் வருஷத்துச் சட்டத்தால்தான். அதற்கு முன்னால் போனால் என்ன கிடைக்கும்? சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவேடு. ஆஸ்பத்திரியில் பிரசவப் பதிவேடு. துறைமுகத்தில் கூலிக் கணக்கு. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் குடிபெயர்வு பற்றிய அரசாங்கக் காகிதங்கள். ஸ்காட்லாந்துக்காரர் தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து கிரீச் பாதிரியாரின் பிள்ளைகளை எண்ண முடிகிறது. காசிமேட்டுக்காரர் ஒருவர் தன் பாட்டனைத் தேட இந்த நான்கு இடங்களிலும் யாரிடம் போய் நிற்பது, எந்தக் காகிதத்தை எந்த மொழியில் கேட்பது? அவற்றையெல்லாம் ஸ்கேன் செய்து, பெயர் வாரியாகத் தமிழில் அட்டவணை போட்டு, பொதுவில் வையுங்கள். நினைவிடங்களுக்கும் மணிமண்டபங்களுக்கும் ஒதுக்குகிற தொகையில் ஒரு மூலையைக் கிள்ளினால் போதும்.

'பாட்டன் பேரு தெரிஞ்சு என்ன சார் ஆகப்போவுது, இன்னிக்குச் சோத்துக்கு வழியைப் பாருங்க' என்று ஒரு குரல் கேட்கிறது. பட்டா கேட்டு வரிசையில் நிற்கும் வடசென்னை ஜனங்களைக் கேளுங்கள், பாட்டன் பெயர் எதற்கு என்று சொல்வார்கள். நூறு வருஷமாக இங்கேதான் இருக்கிறோம் என்றால் அதிகாரி என்ன கேட்கிறார்?

'அதுக்கு ரெக்கார்டு இருக்கா?'