மண் வீட்டைக் குளிர வைக்குமா?

மார்கழிக் காலையில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை வெயிலில் அதே தண்ணீர் ஜில்லென்று இருக்கும். மாறியது தண்ணீர் அல்ல. மேலே உள்ள காற்றுதான்!

பூமிக்குள் ஆழம் போகப் போக, கோடை, குளிர் என்ற வித்தியாசம் குறைந்துவிடும். சுமார் 30 அடியில் ஏறக்குறைய நின்றே போகும். ஓர் ஊரின் வருஷ சராசரி உஷ்ணம் எவ்வளவோ, அதை ஒட்டியே அங்கே மண்ணும் இருக்கும்.

கை சுட்டது!

இந்த உஷ்ணத்தை வீட்டுக்குள் கொண்டு வந்தவர்களில் ஒருவர், அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் இருந்த ராபர்ட் வெப்பர். 1940-களின் பிற்பகுதியில் நடந்தது.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் குழாயில் அவர் கை பட்டது. சுட்டுவிட்டது! பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளினால்தானே உள்ளே குளிரும்? 'இந்தச் சூடு வீணாகிறதே' என்று நினைத்தார். அதில் வெந்நீர் போட்டார். மிச்சத்தை விசிறி வைத்து வீட்டுக்குள் வீசச் செய்தார்.

பெட்டியிலிருந்து உறிஞ்சுவதுபோல் மண்ணிலிருந்தும் உறிஞ்சினால் என்ன? தாமிரக் குழாய்களைத் தரையில் புதைத்தார். அந்த ஊர் மண் சுமார் 12 டிகிரிதான். தொட்டால் குளிரும். ஆனாலும் அதிலும் சூடு உண்டு. யந்திரம் அதைத் திரட்டிக் கொடுத்தது. மறு வருஷம், வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி அடுப்பை அவர் விற்றுவிட்டார்!

இதைக் கேட்டதும் சென்னைக்காரருக்கும் கடப்பாரையைத் தூக்கத் தோன்றும். அவசரம் வேண்டாம்!

சென்னை மண் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். புதைத்த குழாய் வழியாக வெறும் காற்றை விட்டால், அதற்குக் கீழே குளிராது. யந்திரம் வைத்து, வீட்டுச் சூட்டை மண்ணுக்குள் தள்ளினால் மின்சாரம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் இண்டியானாபோலிஸில், கோடையில் மண்ணில் போட்ட சூட்டைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் எடுக்க யார் இருக்கிறார்கள்? போட்டுக்கொண்டே இருந்தால் மண்ணும் சூடேறும்.

ஊட்டியில் கதை வேறு. அங்கே வீட்டுக்குச் சூடு தேவை. செய்து பார்க்கலாம். ஆனால் ஆளுயரக் குழியில், பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. மண் சரிந்தால் ஆள் தப்புவது கஷ்டம். யந்திரத்தில் வாயு நிரப்புவதும் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

சென்னைக் குடும்பம் குழிக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்கு போதும். மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்து, மேற்கு ஜன்னலுக்கு ஒரு தட்டியும் கட்டிவிடலாம்.