விருந்து வரும் மாதமும் வெயிலிற் காயும் பண்டமும்

ஆடி பிறந்து சோளகக் காற்று உரத்து வீசுங் காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளில் மூன்று காரியங்கள் ஒருங்கே வந்து குவிகின்றன. நல்லூர்க் கந்தன் கோயிலிற் கொடியேற்றந் தொடக்கம் தீர்த்தம் ஈறாக 25 நாள் திருவிழா ஒன்று. விடுமுறையை அதற்கேற்ப அமைத்துக்கொண்டு வந்திறங்கும் உறவினர் கூட்டம் மற்றொன்று. இரவிரவாகத் 'தொப்' என்று விழுந்து, விடியுமுன் பொறுக்கப்படாவிடின் மாட்டுக்கு இரையாகிவிடும் பனம்பழம் இன்னொன்று. இம்மூன்றில் ஒன்றாவது பங்குனிக்குத் தள்ளிப் போகலாகாதா என்று அடுக்களையில் நிற்போர் ஏங்குதல் இயல்பே. எங்கள் வீடுகளிற் பலவற்றில் திருவிழா முடியும்வரை மச்சம் சமைப்பதில்லை. வந்த விருந்துக்கு மீனுமின்றி இறைச்சியுமின்றி நாளொரு கறியாக ஆக்கிப் படைக்கும் பெண்களின் திறமையை எந்தக் கல்லூரியும் பரீட்சித்துச் சான்றிதழ் வழங்குவதில்லை.

முன்னாளில் விருந்தினர் எனப்படுவோர் கொழும்பிலிருந்து வருவோரே. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் யாழ்ப்பாணம் வருவதை நிறுத்தி, 2014 ஒக்டோபரிலேதான் மீண்டும் எங்கள் நிலையத்தை அடைந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளில் உறவினரின் விலாசங்கள் உலகெங்கும் சிதறிவிட்டன. இவ்வாண்டு எம்மிடம் வந்தோர் ரொறன்ரோவிலிருந்து அக்காவும் அத்தானும் அவர்தம் பதினாறு வயது மகளும். அவர்களுக்கு வாய்த்த விடுமுறை பதினெட்டு நாள்.

தோட்டத்தைப் பற்றி அதிகஞ் சொல்லவேண்டியதில்லை. செம்மண்ணிற் கத்தரியும் மிளகாயும் பாகலும் நின்றன. மழையற்ற மாதமாதலின் காலையும் மாலையும் நீர் வேண்டின. மருமகள் முதலிரு நாளும் கயிற்றாலே நீர் அள்ளி வார்ப்பேன் என்று அடம்பிடித்தாள். மூன்றாம் நாள் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு இயந்திரத்தின் ஆளியைத் தானே போட்டாள். அவளைக் குறைகூற வேண்டா. துலா மிதித்த எம் பாட்டனாரும் ஆளி கிடைத்திருந்தால் அதனையே போட்டிருப்பார்.

கனடாவிற் கோடை முடியுங் காலத்தில் அயலவர் தக்காளியையும் அவரையையும் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து மாரிக்குச் சேமிப்பதை அக்கா கண்டிருக்கிறாள். ஆகவே அம்மாவின் கையால் ஆக்கிய முருங்கைக்காய்க் கறியையும் கத்தரிக்காய்க் குழம்பையும் அவ்வாறே போத்தலில் அடைத்து, கொதிநீரில் அவித்துக் கொண்டுபோக வேண்டுமென்பது அவளது விருப்பம். அம்மாவுக்கு வயது எழுபத்தொன்பது. அவ்விருப்பத்தின் பின்னால் நின்ற கணக்கை அவளும் வாய்விட்டுச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. ஆயினும் மறுத்தேன்.

மறுத்தமைக்குக் காரணம் உண்டு. உணவைப் போத்தலில் இறுக மூடி வெந்நீரில் அவித்தாற் கெடாதென்பதைக் கண்டு, 1810 இற் பிரெஞ்சு அரசிடம் 12,000 பிராங்கு பரிசு பெற்றவர் நிக்கொலா அப்பேர் என்பார். அது ஏன் கெடுவதில்லை என்பது அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்களே பழுதுக்குக் காரணமென்பதைப் பாஸ்ரர் நிறுவியது ஏறக்குறைய 50 ஆண்டுகளின் பின்னராகும். அந்நுண்ணுயிர்களுள் ஒன்று பொற்றுலிசம் என்னும் கொடிய நஞ்சூட்டலை விளைப்பது. அதன் வித்திகள் கொதிநீரின் 100 பாகையிற் சாவதில்லை. காற்றற்ற போத்தலுக்குள், புளிப்புக் குறைந்த உணவில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். மணத்தாலோ நிறத்தாலோ அதனை அறிந்துகொள்ள இயலாமற் போகலாம். புளிப்பு மிக்க உணவில், அஃதாவது பி.எச். 4.6 உம் அதற்குக் கீழும் உள்ளவற்றில், அவை முளைப்பதில்லை. ஏனையவற்றுக்கு அமுக்கக் கலத்தில் 121 பாகை வரை சூடேற்றுதல் வேண்டும். நாம் பருப்பு அவிக்கும் பிறசர் குக்கர் அத்தொழிலுக்கென அமைந்ததன்று.

"அங்கை எல்லாரும் செய்யினம்" என்றாள் அக்கா. அங்கே அவரையை அடைப்போர் அதற்குரிய கலத்தையும் நேரக் கணக்கையும் கொண்டு அடைக்கின்றனர் என்றேன். அன்றிரவு அவள் என்னோடு பேசவில்லை. மாம்பழத்தை மட்டும் அடைக்க இசைந்தேன். அதுவும் தேசிக்காய்ப் புளி தாராளமாய்ச் சேர்த்தே. நன்கு கனிந்த மாம்பழத்தின் இனிப்பை நம்பலாம், புளிப்பை நம்பலாகாது.

வழக்கைத் தீர்த்தவர் அம்மாவே. "நனைஞ்சதை ஏன் பிள்ளை காவுறாய்? காய்ஞ்சதைக் கொண்டு போ" என்றார். நுண்ணுயிருக்கு நீர் வேண்டும், நீரை நீக்கின் அது வாழாது என்று நான் கரும்பலகையில் எழுதிக் கற்பிப்பதை அவர் சுளகில் வைத்துக் கற்பித்தார். கத்தரியும் பாகலும் உப்பிட்டு வற்றலாயின. மிளகாய் மோரில் ஊறி வெயிலுக்குப் போயிற்று.

பனாட்டு அத்துணை எளிதில் முடிவதன்று. பழத்தின் தோலை உரித்து, சிறிது நீர் விட்டுப் பிசைந்து, தும்பு நீக்கிக் களியை வடித்து, பந்தலிலிட்ட ஓலைப்பாயில் மெல்லப் பரவுதல் வேண்டும். அது காய்ந்தபின் மறுநாள் அதன்மேல் இன்னொரு வார்ப்பு. தடித்த பனாட்டு வேண்டின் எங்கள் வீட்டில் மூன்று கிழமைக்குக் குறைந்து முடிந்ததில்லை. இத்தனையும் காகத்தையும் அணிலையும் துரத்திக்கொண்டு! பிழிந்த விதைகளை எறிந்துவிடாது பாத்தியில் இட்டால் அவையே கிழங்காகி, ஒடியலும் புழுக்கொடியலுமாய் அடுத்த ஆண்டுக்கு உணவாகும்.

மருமகள் முழங்கைவரை மஞ்சட் களி பூசியபடி பிசைந்தாள். ஒரு நாள் களியை நக்கிப் பார்த்து, "கைக்குது அம்மம்மா" என்று முகஞ் சுளித்தாள். அக்கைப்பு சப்போனின் வகையைச் சேர்ந்த பிளபெலிபெரின் என்னும் பொருளால் வருவது என நான் விளக்கத் தொடங்க, "மரத்துக்கு மரம் மாறும், இனிச்ச மரத்தை நான் காட்டுறன்" என்று அம்மா அவளை வளவின் கோடிக்கு அழைத்துச் சென்றார். வார்ப்புக்கு எத்தனை பழம், எவ்வளவு நீர் என்று அவள் கேட்டுக் குறித்துக்கொண்டாள். அம்மா சொன்ன அளவுகள் நாளுக்கு நாள் வேறுபட்டமையாற் குறிப்பேட்டில் வெட்டல்களே மிகுதி.

பதினெட்டாம் நாள் வந்தது. பெட்டியை நிறுத்துப் பார்த்து, சேலை இரண்டை வெளியே எடுத்து, வற்றற் பொதி உள்ளே போயிற்று. பனாட்டு பந்தலிலேயே கிடந்தது; ஈரங் காயாததை அறுத்துக் கொடுக்க அம்மா உடன்படவில்லை. போனபின் அனுப்புவதாயிற்று.

சென்ற ஞாயிறு ரொறன்ரோவிலிருந்து மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். சுகம் விசாரிக்குமுன் அவள் கேட்டது, அங்கே மழை பெய்ததா என்பதே. மழை இல்லை; பதினாறாம் வார்ப்பை அன்று காலையிலேதான் வார்த்திருந்தோம்.